கல்லறைப் பக்கத்து ஸ்டீரியோ

எங்கள் தகப்பனார் மெழுகு உருளையில் பாட்டுப் பிடித்த நாள் முதல், எங்கள் கம்பெனிக்கு ஸ்ட்ரோபல் என்ற குடும்பப் பெயர்தான். 1958 கோடையில் அதற்கு ஆபத்து வந்தது. ஸ்டீரியோ இல்லாத கம்பெனியைப் பென்சில்வேனியாவில் எந்தக் கடைக்காரரும் சீந்தவில்லை. எங்களுடைய முதல் ஸ்டீரியோ ரெக்கார்டை விநியோகஸ்தர் ஹாலரன் ஏற்க வேண்டும். மறுத்தால், நியூயார்க் கம்பெனி ஒன்று எங்களை வாங்கித் தன் பெயரை ஒட்டிவிடும்.

என் தம்பி லோரன்ஸ், ஊர்த் தீயணைப்புப் படையின் ஊர்வலத்தைப் பதிவு செய்திருந்தான். பாண்டு, குதிரைகள், மணியடிக்கும் பழைய வண்டி எல்லாம் ஒரு ஸ்பீக்கரிலிருந்து மற்றதற்கு நடந்து போகும். தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரையே கூட்டி, ஹாலரனை முன்வரிசையில் உட்கார வைத்தேன்.

ரெக்கார்டு சுழன்றது. முதலில் சிரித்தவர் படைத்தலைவர் டோம்ப்ரோவ்ஸ்கி.

"என்ன லோரன்ஸ், எங்களை ஆத்துலேர்ந்து சர்ச்சுக்கு ஓட்டுற? தொண்ணூறு வருஷமா சர்ச்சுலேர்ந்து ஆத்துக்குத்தானேப்பா போறோம்?"

எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நடைபாதையில் நின்றுதான் ஊர்வலம் பார்ப்பார்கள். எதிரே கல்லறைத் தோட்டத்துச் சுவர். சர்ச் இடப்பக்கம், ஆறு வலப்பக்கம்; அதனால் எங்களுக்கு ஊர்வலம் என்றால் இடமிருந்து வலம். ரெக்கார்டிலோ வலமிருந்து இடம் போயிற்று.

"குதிரை பின்னாலயே நடக்குது பாரு," என்றாள் பேக்கரிக்காரி ஹில்டகார்ட். கூடம் குலுங்கியது. ஹாலரன் உதட்டைக் கடித்துக்கொண்டு, கிளம்பப்போகிறவர் போலத் தொப்பியைக் கையில் எடுத்தார்.

லோரன்ஸ் முப்பது வருஷம் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்தவன். மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பதுதான் அவன் வழக்கம். கல்லறைச் சுவரில் மைக்கை மாட்டியபோதும் கூட்டத்தைப் பார்த்து நின்றுதான் இடம், வலம் குறித்திருக்கிறான்.

"ரெண்டு வயரை மாத்தினா சரியாயிடும்ணா," என்று காதில் கிசுகிசுத்தான்.

"மாத்தினா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. தொடாதே."

எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

"இந்த ரெக்கார்டுல பிழை இல்லை. எங்க அப்பா அந்தக் கல்லறைச் சுவருக்குப் பின்னாலதான் இருபது வருஷமா படுத்திருக்கார். அவர் பக்கத்துலேர்ந்து கேட்டா ஊர்வலம் இப்படித்தான் போகும். கம்பெனி அவரோடது. அவர் கேக்குற மாதிரிதான் பதிவு பண்ணினோம்."

சிரிப்பு அடங்கியது.

"அப்ப உயிரோட இருக்கிற நாங்க என்ன பண்ணுறது, மிஸ்டர் ஸ்ட்ரோபல்?" என்றார் ஹாலரன்.

"நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

டோம்ப்ரோவ்ஸ்கிதான் முதலில் திருப்பினார். அறுபது நாற்காலிகள் கரகரவென்று தரையைப் பிறாண்டின. ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி ஊரே வெறும் சுவரை முறைத்தது. லோரன்ஸ் மறுபடி போட்டான். மணி இடப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. அறுபது தலைகளும் அதோடு மெல்ல வலப்பக்கம் திரும்பின. குளம்பொலி ஆற்றுப் பக்கம் மறைந்ததும் ஹில்டகார்ட் சுவருக்குக் கையசைத்தாள். அதற்கு மேல் ஒருவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹாலரன் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே விக்கினார்.

"ஸ்டீரியோ விக்கிறவன் நூறு பேர் இருக்கான். கேக்குறவனை எழுப்பித் திருப்பி உக்கார வெச்சவர் நீங்க ஒருத்தர்தான். ரெண்டாயிரம் ரெக்கார்டு அனுப்புங்க. பேரை மட்டும் மாத்திடாதீங்க."

மாற்றவில்லை. வயரையும்தான். உறையில் ஸ்ட்ரோபல் என்ற பெயருக்குக் கீழே என் கையாலேயே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன்: ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காரவும்.