வௌவால் பேச்சை விரும்பிக் கேட்டவர்கள்

ஈப்போ வட்டார வானொலியில் ‘அறிஞரோடு அரைமணி’ என்னும் நிகழ்ச்சியை நவமணி தொடங்கி அரையாண்டு நிறைந்திருந்தது. பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் தமிழ் விரிவுரையாளர்களை வெள்ளிக்கிழமைதோறும் அழைத்து, அவர்தம் ஆய்வைப் பற்றி எளிய தமிழில் உரையாடுவதே அதன் நோக்கம். அதனைப் பாராட்டாதவர் நிலையத்தில் இல்லை. ஆயின், நேயர்களிடமிருந்து ஒரு கடிதமும் வந்ததில்லை.

தமிழ்ப் பகுதித் தலைவர் உடையப்பன் ஒரு நாள் அவளை அழைத்துச் சொல்லிவிட்டார்.

“நல்லாத்தான் செய்யுறீங்க, நவமணி. நானே கேக்குறேன். ஆனா நான் சம்பளம் வாங்கிட்டுக் கேக்குறவன். வெளியில யாரு கேக்குறா? மேலிடத்துல கேட்டா நான் எதைக் காட்டுறது? மாசக் கடைசிக்குள்ள நாலு பேராச்சும் எழுதட்டும். இல்லன்னா அந்த அரைமணியைப் பாட்டுக்குக் குடுத்திடலாம்.”

பாட்டு என்றால் சீனி. விருப்பப் பாடல் நிகழ்ச்சியை நடத்தும் இளைஞன் அவன். அவனுக்கு அஞ்சலட்டைகள் கோணிப்பையில் வந்திறங்கும். பாட்டின் பெயரை ஒரு வரியில் எழுதிவிட்டு, எஞ்சிய இடம் முழுவதும் ‘விரும்பிக் கேட்போர்’ எனக் குடும்பத்தார் பெயர்களை நெருக்கி எழுதுவது அந்நேயர்களின் வழக்கம். கைக்குழந்தையின் பெயரும் விடுபடாது.

“கவலைப்படாதீங்கக்கா. ஒங்க அரைமணியை நான் பத்திரமா பாத்துக்குவேன்லா” என்றான் சீனி.

“பாத்துக்குவே. டப்பாங்குத்து போட்டுப் பாத்துக்குவே.”

அவ்வாரம் நிகழ்ச்சிக்கு வந்தவர் டாக்டர் இருளாயி. பினாங்கில் விலங்கியல் விரிவுரையாளர். டுரியான் பழமரத்தின் பூ அந்தியில் மலர்வதையும், சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் வாழும் வௌவால்கள் தேனுண்ண வந்து மகரந்தம் சேர்ப்பதையும், அக்குன்றுகளை வெடிவைத்துத் தகர்த்தால் டுரியான் காய்ப்பதும் குறையும் என்பதையும் அவர் கதை போல் விளக்கினார். இறுதியில் நவமணி அவர் பிறந்த ஊரைக் கேட்டாள்.

“கோலா கங்சார் பக்கம், மரப்பாலத் தோட்டம். மூணாவது லயத்து வரிசை வீடு. அப்பா ராமையா, அம்மா ராக்காயி. ரெண்டு பேரும் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினவங்க. இப்ப இல்ல. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப எங்க சனம் ஆளுக்கொரு பக்கமா போயிருச்சு.”

ஒலிபரப்பாகி ஒரு வாரம் கடந்தது. நவமணியின் கடிதத் தட்டு வெறுமையாகவே இருந்தது. மாதமும் முடியுந் தறுவாயில் இருந்தது. அடுத்த விருந்தினருக்கு என்ன மறுமொழி எழுதுவது என அவள் எண்ணிக்கொண்டிருந்தபோது, சீனி வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றான்.

“அக்கா, ‘வௌவால் பேச்சு’ன்னு ஏதாச்சும் படம் வந்திருக்கா?”

“என்ன உளர்றே?”

“காலையிலேருந்து இசைத்தட்டு ரூமைக் கலக்கிட்டேன், கிடைக்கல. இத்தனை பேரு கேக்குறாங்க. எனக்குத் தெரியாம ஒரு பாட்டு ஹிட்டாயிருச்சுலா!”

அவன் நீட்டிய அட்டையை நவமணி வாங்கிப் படித்தாள். ‘டாக்டர் இருளாயி பேசிய வௌவால் பேச்சை மறுபடியும் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம். விரும்பிக் கேட்போர்: அர்ச்சுனன், முத்தம்மா, பிள்ளைகள், மருமக்கள். மரப்பாலத் தோட்டம், மூன்றாவது லயம். இப்போது புந்தோங்.’ அடுத்த அட்டை தாப்பாவிலிருந்து வந்திருந்தது. அதன்கீழ் கோலா கங்சார், சுங்கை சிப்புட். முகவரிகள் வெவ்வேறு, ஆயினும் ஒவ்வோர் அட்டையும் மரப்பாலத் தோட்டத்தை முன்னே நிறுத்தியிருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னர் அட்டைகளை வாரிக்கொண்டு தலைவர் அறைக்கு விரைந்தாள்.

உடையப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது பாட்டுக்குப் போடுற கார்டு. பேச்சைப் பத்தி ஒரு வரி இல்லையே. பேரு, பேரு, பேரு.”

“பாட்டுக் கேக்குறவங்க மட்டும் ராகத்தைப் பத்தியா எழுதுறாங்க, சார்? திரும்பக் கேக்கணும்னு ஆசை வந்தா நம்ம சனம் இப்படித்தான் எழுதும்.”

அவர் அட்டைகளைப் புரட்டினார். வீரம்மா என்பவர் எழுதிய அட்டையில் அவர் விரல் நின்றது. பெயர்களுக்கிடையே அந்த அம்மாள் ஒரு வரியைச் செருகியிருந்தார்: ‘டுரியான் மரத்தில் வௌவாலுக்குக் கட்ட வலை வாங்கி வைத்திருந்தோம். கட்டவில்லை.’

அவர் அதை இருமுறை படித்தார்.

“பேச்சைத் திரும்பப் போடுற பழக்கம் இங்க இல்ல. போடுவோம். பேரையும் வாசிச்சிடுங்க. ஒரு பேரு விட்டாலும் அந்தம்மா வலையை நமக்குக் கட்டிடும்.”

நவமணி அன்றே பினாங்கிற்குத் தொலைபேசினாள். மறுமுனையில் இருளாயி சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

“பாட்டு மாதிரியா கேட்டாங்க? என் கட்டுரையைப் படிச்சவங்களை ஒலகம் பூரா கூட்டினாலும் இத்தனை பேரு தேறாதும்மா. பேரை நீங்க வாசிக்க வேணாம். நானே வாரேன். எது யாரு வீட்டுப் பேருன்னு எனக்குத்தான் தெரியும்.”

சொன்னபடியே வந்தார். பேச்சு மறுமுறை ஒலித்து முடிந்ததும், ஒலிவாங்கியின் முன் அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டார்.

“புந்தோங், அர்ச்சுனண்ணே, முத்தம்மாக்கா... நான் பரீச்சைக்குப் போனப்ப சைக்கிள்ல ஏத்திட்டுப் போன அண்ணே இவருதான். தாப்பா, வீரம்மாக்கா. வலையைக் கட்டாததுக்கு நன்றி அக்கா, வௌவாலுங்க சார்பாவும்...”

பெயர்கள் தொடர்ந்தன. நிகழ்ச்சியின் முடிவிசைக்குரிய நேரம் வந்தது. இசைத்தட்டின்மேல் கை வைத்திருந்த சீனி, கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்ற உடையப்பனைப் பார்த்தான். அவர் ‘வேண்டா’ என்று கையசைத்தார். கடைசி அட்டையை இருளாயி நிமிர்ந்து அமர்ந்து வாசித்தார். முடிவில், அட்டையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்.

“இவங்க எல்லாரோடையும் சேர்ந்து விரும்பிக் கேட்டது, ராமையா ராக்காயி மக இருளாயி. மரப்பாலத் தோட்டம், மூணாவது லயம்.”

அவர் வெளியே வந்தபோது உடையப்பன் கைகூப்பினார். வழியனுப்பிவிட்டுத் திரும்பியவர் நவமணியிடம் கேட்டார்:

“அடுத்த வெள்ளிக்கிழமை யாரு?”

“கெமிஸ்ட்ரி குமரப்பன், சார்.”

“எந்தத் தோட்டம்?”

“தோட்டமில்ல, சார். தஞ்சோங் மாலிம் டவுன்.”

“அப்ப எந்தத் தெருன்னு கேளுங்க. மறந்திடாதீங்க” என்றார் உடையப்பன்.