மஞ்சளாகாத வெளிச்சம்

வின்சன்டின் மேசையில் இரண்டு மின்சுற்றுகள் கிடந்தன. முதலாவதில் ஒரேயொரு ரெசிஸ்டர்தான். பற்றரி இறங்க இறங்க எல்.ஈ.டி. வெளிச்சமும் மங்கிக்கொண்டே போகும். மற்றதில், செத்த போனொன்றிலிருந்து கழற்றிய ஐசியும் சுருளும் இருந்தன. அது கடைசிவரை ஒரே பிரகாசமாக எரியும். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும்.

அது 2007, யுத்த காலம். டோர்ச் பற்றரி கடைகளுக்கு ஒழுங்காக வருவதில்லை. பள்ளிமுனையில் றேடியோ திருத்தும் வின்சன்ட், பழைய கைபேசிப் பற்றரியை வைத்து டோர்ச் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தான். இப்போது செய்வது தோமஸின் படகுக்கு. இரவுத் தொழிலுக்கு அனுமதி கிடைக்கிற நாட்களில், விடியுமுன் திரும்பும் படகு கரையிலுள்ள நேவிக் காவலரணுக்கு வெளிச்சம் காட்ட வேண்டும். காட்டாத படகு யாருடையது என்று துவக்கோடு நிற்பவனுக்குத் தெரியாது.

கடைக்கு வந்தவர்கள் இரண்டையும் எரித்துப் பார்த்தார்கள். சுருள் வைத்தது சுவரில் பால்போல வட்டம் போட்டது. இதைக் கோயில் கோபுரத்தில் கட்டினால் திருவிழாவுக்கு ஜெனரேட்டரே வேண்டாம் என்றார் ஒருவர். வின்சன்டுக்கு உச்சி குளிர்ந்தது. அது திடீரென்று அணையும் என்று சொல்ல வாயெடுத்தவன், அந்தப் புகழ்ச்சிக்கு நடுவே விழுங்கிவிட்டான். நாள்தோறும் சார்ஜ் போடச் சொல்லி தோமஸிடம் அதையே கொடுத்தான்.

கடலில் பழைய பல்ப் டோர்ச்சின் வெளிச்சம் பற்றரி இறங்கி மஞ்சளானால் வலையை இழுத்துக்கொண்டு திரும்புவதுதான் அந்தக் கரையின் வழக்கம். தகப்பனோடு கடலுக்குப் போன காலத்தில் வின்சன்டும் அப்படித் திரும்பியவன்தான்.

அடுத்த கிழமை தோமஸ் கடைக்குள் வந்து டோர்ச்சை மேசையில் வைத்தார். கரையை நெருங்கும்போது அது பட்டென்று அணைந்துவிட்டதாம். கரையிலிருந்து ஒரு வெடி கேட்டதாம். அவரும் கூட்டாளி அந்தோனிமுத்துவும் வலைமேல் குப்புறப் படுத்து, விடிந்த பிறகு சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்களாம். அந்தோனிமுத்து சார்ஜ் போட மறந்துவிட்டானென்று அவனைப் படகிலிருந்து நிற்பாட்டிவிட்டாராம்.

"உன்ர சாமானில பிழையில்லை, வின்சன்ட். அணையிற வரைக்கும் சூரியன் மாதிரி எரிஞ்சது" என்றார்.

வின்சன்ட் தலையாட்டினான். பார்த்துத் தருவதாக மட்டும் சொன்னான்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்தோனிமுத்து கடை வாசலில் காத்து நின்றான். வேறு படகில் அவனை ஏற்றவில்லை. சார்ஜ் போட மறந்து ஆளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்ற பேர் கரை முழுக்கப் பரவியிருந்தது.

"வின்சன்ட் அண்ணை, நான் அண்டைக்குச் சார்ஜ் போட்டனான். மாதா சத்தியம். அண்டைக்கு மீன் கனக்க, பிரிச்சுப் போடக் கொஞ்சம் கூட எரிச்சனாங்கள். வெளிச்சம் மஞ்சளாகேல்லை, அதால பயப்பிடேல்லை. பற்றரியைப் பாத்து நீங்கள் ஒரு வார்த்தை தோமஸ் அண்ணைக்குச் சொன்னா நம்புவார்."

பார்க்க என்ன இருக்கிறது? பற்றரி நல்லதுதான். வின்சன்ட் கடையைத் திறந்து சுருளைக் கழற்றி ரெசிஸ்டரை ஒட்டினான். பிறகு அந்தோனிமுத்துவையும் கூட்டிக்கொண்டு துறைக்குப் போனான்.

தோமஸ் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் சுற்றியிருந்தார்கள்.

"அவன் சார்ஜ் போட்டவன். அந்த வெளிச்சம் மங்காது, ஒரேயடியா நிண்டுபோகும். அது எனக்குத் தெரியும்" என்றான் வின்சன்ட்.

"எப்ப தெரியும்?"

"தரேக்குள்ளயே."

தோமஸின் கையிலிருந்த வலையூசி நின்றது.

"அண்டைக்குக் கடைக்கு வந்தனானே. அப்பவும் வாய் திறக்கேல்லையே."

வின்சன்ட் திருத்திய டோர்ச்சை நீட்டினான். தோமஸ் அதை வாங்கி உள்ளங்கையில் அடித்துப் பார்த்தார். பகலில் வெளிச்சம் சோகையாகத் தெரிந்தது.

"இது மஞ்சளாகுமோ?"

"மஞ்சளாகாது, ஆனா மெல்ல மெல்ல மங்கும். கண்ணுக்குத் தெரியும்."

தோமஸ் அதை அந்தோனிமுத்துவின் கையில் கொடுத்தார். "பின்னேரம் வெள்ளன வா, தொழிலுக்குப் போவம்" என்றார். நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். அவனும் உட்கார்ந்து வலையின் மறுமுனையை இழுத்துக்கொண்டான்.

வின்சன்டை இரு என்று ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கடைக்குத் திரும்பியவன், சுவரில் பால்வட்டம் போட்ட அந்தச் சுருளைக் கையில் எடுத்தான். எறியவும் மனமில்லை, வைத்திருக்கவும் கூசியது.