கரைச்செய்தி நின்ற காலை

காலை ஐந்தே முக்காலுக்கு கனகாம்பாள் போன் செய்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா விஷ்ணு, ஒன் கம்ப்யூட்டருக்கு இன்னிக்கி என்ன வந்துச்சு? கூடையத் தூக்கிக்கிட்டு முக்குல நிக்கிறேன். எந்தக் கரைக்குப் போறதுன்னு தெரியல. ஒரு சேதியும் காணோம்."

கனகாம்பாள் தெருத்தெருவாக மீன் விற்பவர். அவரைப் போல நூற்று அறுபது பெண்கள் என்னுடைய 'கரைச்செய்தி'க்கு மாதச் சந்தா கட்டுகிறார்கள். விடியும் முன் திரும்பும் ஃபைபர் படகுகளுக்கு போனில் சிக்னல் கிடைத்ததும், ஓட்டுகிறவர்கள், கரையில் வாங்க ஆள் வேண்டும் என்பதால், ஒரு எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்புவார்கள். மென்பொருள் அதைக் கேட்டு, எந்தப் படகில் என்ன மீன், பாடு, அதாவது அன்று வலையில் விழுந்தது, பெரிதா சிறிதா என்று எழுதி, ஐந்தரைக்குள் பெண்களுக்கு அனுப்பிவிடும். எந்தக் கரைக்கு ஆட்டோ பிடிப்பது என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆனால் வலையில் விழுந்ததைக் கரை சேரும் முன் யாரும் உள்ளபடி சொல்வதில்லை. கண் பட்டுவிடும், அடுத்த படகு அதே இடத்துக்கு வந்து வலை விரித்துவிடும். படகு நிறைய மீன் கிடந்தாலும் "ஒண்ணும் இல்ல, சும்மாதான் வர்றோம்" என்பார்கள். உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காதவரும் அதையேதான் சொல்வார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் மீனைக் கண்டுபிடிப்பதுதான் என் மென்பொருளின் சிறப்பு. போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு வரிகூட புரோகிராம் எழுதத் தெரியாது. படித்தது பி.காம். யோசனையை ஒரு நோட்டில் அம்புக்குறிகளாக வரைந்து, போலகம் என்ற ஊரில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்யும் நெடுமாறனிடம் கொடுத்தேன். "செஞ்சிரலாங்க்கா" என்றான். மூன்று வாரத்தில் வேலை செய்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் புரியாது என்பதுதான் உண்மை.

அன்று பதினோரு மணிக்கு உத்திராபதி வருவதாக இருந்தது. வடக்கே ஒரு பெரிய மீன்பிடித் துறைமுகத்தில் படகு உரிமையாளர் சங்கச் செயலாளர். நானூறு படகுகள். அந்தப் படகுகளுக்கும் கரைச்செய்தி வேண்டும் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் பார்த்த வேலையை விட்டு வந்ததற்கு அர்த்தம். போடாவிட்டால் அடுத்த மாதம் கடையை மூட வேண்டியதுதான்.

நெடுமாறன் போனை எடுக்கவில்லை. தருமபுரத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கிளம்பினேன். அரசலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் பையில் போன் ஏழெட்டு முறை அதிர்ந்து ஓய்ந்தது.

வீட்டில் நெடுமாறன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ராசாத்தி இடது காதில் பஞ்சு வைத்து, தலையைத் துண்டால் கட்டியிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சர்வர் பிரச்சனையா?" என்றேன்.

"சர்வர்லாம் இல்லக்கா." அவன் என்னைப் பார்க்கவில்லை. "ராசாத்திக்கிக் காது வலி."

"அய்யோ பாவம். டாக்டரப் பாத்தீங்களா? சரி, கரைச்செய்திக்கு என்ன ஆச்சு?"

"அதான்க்கா சொல்றேன். காது வலி."

எனக்கு விளங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ராசாத்திதான் வாயைத் திறந்தாள்.

"நாந்தான்க்கா கேட்டுச் சொல்றது. மொதோ வாரம் இவரு எழுதுனது ஓடுச்சு. அது எல்லாப் படகுக்கும் ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னே எழுதுச்சு. நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன். 'ஏன் சிரிக்கிற'ன்னாரு. ஐயனார் மாமா படகுல நெறைய இருந்தா தொண்டையக் கனைச்சிட்டுத்தான் பேசும். ராஜா அண்ணனுக்குப் பாடு இல்லன்னா இஞ்சின ஏத்தி வச்சிட்டுப் பேசும், நம்ம மேக்கொண்டு எதுவும் கேக்காம இருக்க. நான் பட்டினச்சேரிப் பொண்ணு. இவங்க குரலக் கேட்டுத்தான் வளந்தேன்."

"ஆரம்பிச்ச பதினாலு மாசமும் நீதானா?"

"தெனமும் நாலு மணிக்கு எந்திரிச்சு."

வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"அப்ப நெடுமாறா, செய்தி கேக்கும்போது ஸ்கிரீன்ல பச்சையா ஒரு கோடு ஓடுமே?"

"நீங்க கேட்டீங்கன்னு போட்டேன்க்கா. அது பாட்டுக்கு ஓடும்."

அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் இளம்பச்சையாக்கச் சொல்லி நான் நான்கு முறை போன் செய்திருக்கிறேன். ஒரு முறை ராசாத்திதான் எடுத்தாள். சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"எதுவுமே உண்மை இல்லையா?"

"சந்தா வாங்குற பக்கம் நெசம்க்கா. கட்டலன்னா தானா நிறுத்திப்புடும். அது ஒரு நாளும் தப்புப் பண்ணுனது இல்ல." அதில் அவனுக்கு லேசான பெருமைகூட இருந்தது.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க ரொம்ப சந்தோசமா இருந்தீங்க."

யாரைத் திட்டுவது? நூற்று அறுபது பேரிடம் நான் சொன்னது பொய். பொய் என்று தெரியாமல் சொன்னேன் என்றால் இன்னும் கேவலமாக இருந்தது.

"இன்னொரு காது நல்லாத்தான இருக்கு?" என்று ராசாத்தியிடம் கேட்டேன். கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

"ஒத்தக் காதுல வார்த்தை கேக்குதுக்கா. ஆளு கேக்கல. நான் தப்பாச் சொல்லி அந்தப் பொம்பளைங்க வெறுங்கூடையோட நிக்கணுமா?"

நெடுமாறன் மெல்லச் சொன்னான். "சங்கத்துக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிடுங்கக்கா. இவ ஆறு மாசத்துல அந்த ஊரு ஆளுங்களையும் பழகிப்பா. யாருக்குத் தெரியப்போவுது?"

"நானூறு படகா? ஒனக்கென்ன பைத்தியமா?" என்றாள் ராசாத்தி.

அப்போது உத்திராபதியின் போன் வந்தது. "தங்கச்சி, சீக்கிரமே கெளம்பிட்டோம். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறோம். ஆபீசுக்கு வந்துடவா?"

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"வராதீங்கண்ணே. எங்கிட்ட சாப்ட்வேர்னு ஒண்ணும் இல்ல."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "எங்ககிட்டயேவா? ஒண்ணும் இல்லங்குறவன்கிட்டதான் சரக்கு நெறைய இருக்கும். வெலைய ஏத்துறியாக்கும்? இரு, வர்றோம்."

"அண்ணே, சத்தியமா இல்ல. ஒரு பொண்ணு காதால கேட்டுச் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. எனக்கே இப்பதான் தெரியும்."

சிரிப்பு நின்றது.

"அந்தப் பொண்ணுகிட்டக் குடு."

ராசாத்தி போனை வலது காதில் வைத்தாள். சத்தத்தைக் கூட்டியிருந்ததால் அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"எங்க படகு இன்னிக்கி சும்மாதான் வந்துச்சும்மா. பாடு எப்புடின்னு சொல்லு பாப்பம்."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். நெடுமாறன் எழுந்து நின்றுவிட்டான்.

"தெரியலண்ணே," என்றாள். "நீங்க எனக்குப் பழக்கம் இல்ல. ரெண்டு காதும் நல்லா இருந்தாலும் சொல்ல முடியாது."

போன் துண்டிக்கப்பட்டது. யாரும் மறுபடி அழைக்கவில்லை. பதினோரு மணிக்கு யாரும் வரப்போவதில்லை.

ராசாத்தி போனை என்னிடம் நீட்டினாள். திரையில் இருபத்தொன்பது தவறிய அழைப்புகள். பெண்கள் இன்னும் தெருமுனைகளில் நின்றுகொண்டிருந்தார்கள். பதினான்கு மாதத்தில் முதல் முறையாக, நூற்று அறுபது பேருக்கும் என் கையால் ஒரு செய்தி எழுதினேன்.

'இன்று செய்தி கிடையாது. ராசாத்திக்குக் காது வலி. இந்த மாதச் சந்தா திரும்ப வரும்.'

அனுப்பிய மறு நிமிடமே முதல் பதில் வந்தது.

'ராசாத்தி யாரு?'