ஒழுகாத கட்டடம்

...இன்னும் கொஞ்சம் பால் விட்டால்தான் சரிவரும், மாவு கட்டியாகிக்கொண்டே போகிறது, வாஃபிள் மாவை இப்படிக் காக்க வைக்கக் கூடாது, வார்ப்புக்கல் சூடாகி அதன் பச்சை விளக்கு எரிகிறது, ஊற்று ஊற்று என்கிறது, யாருக்கு ஊற்ற? நாலு மணி என்று அறிவிப்பில் போட்டிருந்தேன், நாலு மணி தாண்டிவிட்டது, குளிர்காலமில்லையா, வெளியே அதற்குள் இருட்டிவிட்டது, மழை, பெர்கனில் மழை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன... ஏலக்காய் வாசனை படியேறிப் போய் ஒவ்வொருவர் மூக்கையும் பிடித்து இழுத்து வரும் என்று நினைத்தேன், போயிருக்காது, காற்றுப்போக்கியைத்தான் அவ்வளவு நன்றாக அமைத்து வைத்திருக்கிறேனே, சமையல் வாசனை ஒரு துளி மேலே ஏறாது. செய்தி அனுப்பியபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர்கள் எத்தனை பேர், திரை முழுக்கக் கட்டைவிரல்கள், நடுவில் ஒன்றிரண்டு இதயங்கள்கூட. அந்த விரல்களெல்லாம் இந்நேரம் டிராம் நிறுத்தத்தில் நின்று மழைக்கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒட்னி வந்தாள், வரவில்லை என்று சொல்லக் கூடாது, மேல்மாடியில் அலை வேகத்தைக் கணக்கிடுகிற பெண், ஓட்டமாக வந்து "அட, வாஃபிளா! இங்குன், நீ தங்கம்டி" என்று ஒன்றை வாயிலும் ஒன்றைக் காகிதத்திலும் வாங்கிக்கொண்டாள், "நர்சரி மூடிடுவாங்க, லேட்டாப் போனா அந்த டீச்சரம்மா பாக்கற பார்வை இருக்கே, கொலைகாரிகூடத் தேவலை." மேசையைத் திருப்ப ஒரு கை கொடேன், ஒரு நிமிடம்தான் என்று கேட்டிருக்கலாம்... கேட்டேனா? "போய்ட்டு வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். அவசரமில்லையாம். திங்கட்கிழமை தச்சர்கள் வந்துவிடுவார்கள், இந்தக் கூடத்தைத் தடுப்பு வைத்துச் சின்னச் சின்ன அறைகளாக்கி வெளியாருக்கு வாடகைக்கு விடப் போகிறார்கள், சுவர் எழுப்புவதற்கு முன்பே உள்ளே வைத்து இணைத்த இந்த நீள மேசை எந்தக் கதவு வழியாகவும் போகாது, அதனால் ரம்பம் போட்டு அறுத்துத்தான் எடுப்பார்கள், ஒண்ணும் அவசரமில்லை, போய்ட்டு வா.

ஹல்வார் நல்லவன்தான், நிர்வாகி என்றால் அவனுக்கும் மேலே யாரோ இருக்கத்தானே செய்வார்கள், போன வாரம் என் இடத்துக்கே வந்து, இந்தக் கட்டடத்தை வரைந்து கொடுத்த பிறகு இதன் மேல்மாடி மூலையிலேயே நான் ஒரு மேசைபோட்டு உட்கார்ந்துகொண்டேன், பிள்ளையைப் பெற்றவள் பிள்ளை வீட்டிலேயே தங்கிவிட்டதுபோல, அங்கே வந்து மெதுவாகச் சொன்னான், "எனக்கும் இந்தக் கூடம் புடிக்கும் இங்குன், சத்தியமா. ஆனா பாரு, யாரும் உக்கார்றதில்ல. அந்த சென்சார் காட்டற கணக்குல சாயங்காலம் இங்க நடமாடறது தரை தொடைக்கிற மெஷின் மட்டுந்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்திருப்பான். "ஒண்ணு பண்ணு, வெள்ளிக்கிழமை ஒரு டுக்னாட் வை. ஆளுங்க திரண்டு வந்தா நான் மேல பேசறேன். வரலேன்னா என் கையில ஒண்ணுமில்ல." டுக்னாட் என்ற வார்த்தைக்கு இந்த நாட்டில் யார்தான் மறுப்புச் சொல்ல முடியும், குடியிருப்பில் இலை வாரவும் வேலிக்கு வண்ணம் அடிக்கவும் கூலியில்லாமல் எல்லோரும் வந்து நிற்போம், முடிந்ததும் வாஃபிள் தின்போம், வராதவனை அடுத்த வருடம்வரை படிக்கட்டில் பார்க்கிற பார்வையே வேறு. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, வந்தவர்கள் என்ன வேலை செய்வார்கள்?

இரண்டு நாள் கட்டடம் முழுக்கச் சுற்றினேன், ஒரு வேலை தேடி. வெளிச்சுவர் மரத்துக்கு வண்ணம் வேண்டாம், வெயிலிலும் மழையிலும் அதுவாகச் சாம்பல் நிறமாகி அதுவாகத் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கூரைத் தோட்டம் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத் தானே குடித்துக்கொள்கிறது. ஜன்னல்கள் காற்று கெட்டால் தாமாகத் திறக்கின்றன, குளிர்ந்தால் தாமாக மூடிக்கொள்கின்றன. காப்பி மெஷின் கொட்டை தீர்ந்தால் கடைக்குத் தானே சொல்லிவிடுகிறது. எங்கேயாவது ஒரு கீல் கிரீச்சிட்டால்கூடப் போதும் என்று ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக் காதைக் கொடுத்துப் பார்த்தேன், எல்லாம் வெண்ணெயாகப் போய் வந்தன, அழுகை வந்துவிட்டது. கடைசியில் இந்த மேசை. பழைய படகுத்துறையைப் பிரித்தபோது கிடைத்த பைன் கட்டைகள், மேல்பக்கம் இன்னும் பளபளக்கிறது, யாராவது எதையாவது சிந்தியிருந்தால்தானே... சரி, அடிப்பக்கத்துக்கு எண்ணெய் பூசுவோம் என்று எழுதிவிட்டேன். யாரும் பார்க்காத அடிப்பக்கத்துக்கு. திருப்பிப் போடவே ஆறேழு பேர் வேண்டும், அந்த ஆறேழு பேருக்காகத்தான் எண்ணெயே.

பொறியாளர்களிடம் பொய் வேலை செல்லுபடியாகுமா? கடலில் காற்றாலை நிற்க அடித்தளம் போடுகிறவர்கள், ஒரு திருகாணி எதற்கு என்று தெரியாமல் வைக்கமாட்டார்கள். வரைபடம் காட்டிய முதல் நாளே ஒருவன் கேட்டான், "இந்தக் கூடத்தோட வேலை என்ன?" சும்மா எல்லோரும் சேர்ந்து உட்கார என்றேன். "சும்மா உக்காரத்தான் வீடு இருக்கே" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மனதுக்குள் இருடா, கட்டி முடிக்கட்டும், நீயே வந்து உட்காருவாய் என்று கறுவிக்கொண்டேன். கட்டி முடிந்தது, விருதும் வந்தது. அவன் மதியச் சாப்பாட்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கணினிக்கு முன்னாலேயே தின்கிறான்.

ஹல்வாரும் இப்போதுதான் வந்து போனான், சைக்கிள் உடுப்பில், தலைக்கவசத்தோடு, வாஃபிளில் பழுப்புச் சீஸை இரண்டு சீவல் வைத்து மடித்து நின்றபடியே தின்றான், "பிரமாதம். யாரும் வரலையா?" என்றான். "மழை பெய்யுதில்ல" என்றேன். "மழையா? இந்த ஊர்ல அந்தச் சாக்கை இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல இங்குன், நீதான் மொத ஆளு." இருவரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றது, அவன் மேசையை ஒருமுறை தடவினான், அந்தத் தடவலிலேயே தெரிந்துவிட்டது, தச்சர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. கதவு அவன் பின்னால் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

விளக்கு அணைந்துவிட்டது. கையை வீசு, இங்குன், வீசு... எரிகிறது. யாரும் அசையாவிட்டால் கூடம் தானாக இருட்டாகிவிடும், மின்சாரம் மிச்சம், விருதுக் குழு இதைத்தான் மிகவும் பாராட்டியது. காலிக் கூடத்தில் ஒருத்தி உட்கார்ந்து நிமிடத்துக்கொரு தரம் கையை வீசிக்கொண்டிருக்கிறாள், இருக்கிறேன் இருக்கிறேன் என்று யாருக்குச் சொல்கிறாள்? போன ஜனவரியில் ஒரு சாயங்காலம் நான் கீழே இறங்கி வந்தபோது கூடம் இருட்டாக இருந்தது, அந்தக் கோடியில் கௌத்தே உட்கார்ந்திருந்தான், நங்கூரச் சங்கிலிகளின் பலத்தைக் கணக்குப் போடுகிறவன், அசையாமல், ரொட்டிப் பொட்டலம் பிரிக்காமல் முன்னால். ஏதோ கணக்கில் ஆழ்ந்திருக்கிறான், தொந்தரவு செய்யக் கூடாது என்று நுனிக்காலில் நடந்து வெளியே போனேன். எவ்வளவு நாகரிகமானவள். அந்த வாரம் அவன் மனைவி செத்துப் போயிருந்தாள், நாளிதழில் மரண அறிவிப்பைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது, அதற்குள் அடக்கம் முடிந்திருந்தது, அவன் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, கேட்டவர்களிடமெல்லாம் "நல்லா இருக்கேன், பரவால்ல" என்றிருக்கிறான். அவன் தலைக்கு மேல் விளக்கை அணைத்தது என் கட்டடம். அதற்கு அவன் உயிரோடு இருப்பது தெரியவில்லை.

மாவு இனி தேறாது... சின்ன வயதில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் நிலவறைக்குள் தண்ணீர் வந்துவிடும், அப்போதெல்லாம் வாளி கைமாறும், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வாங்குவது மூன்சன் அம்மாள், வருடம் முழுக்க இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, துணி உலர்த்தும் கொடிக்காகச் சண்டை, ஆனால் வாளி வந்தால் வாங்கத்தானே வேண்டும், அம்மா கொடுப்பாள், அந்த அம்மாள் வாங்குவாள், கடைசியில் இரண்டு பேரும் நனைந்துபோய் ஒரே கெட்டிலிலிருந்து காப்பி குடிப்பார்கள், மறுநாள் மறுபடி முறைத்துக்கொள்வார்கள். அதைத்தான் கட்ட நினைத்தேன், அந்தக் காப்பியை, என் வரைபடம் எல்லாவற்றிலும் அதுதான் இருந்தது. தண்ணீரை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டேன். நிலவறை ஒழுகக் கூடாது, கூரை ஒழுகக் கூடாது, யாரும் யாரையும் எதற்கும் கூப்பிட வேண்டியிராத ஒரு கட்டடம், இருபது வருட அனுபவத்தையும் கொட்டி அப்படி ஒன்றைக் கட்டிவிட்டு, நடுவில் நீளமாக ஒரு மேசையைப் போட்டு, வாருங்கள், ஒன்றாக இருங்கள் என்றால்? எதற்கு என்று முதல் நாளே அந்தப் பொறியாளன் கேட்டது சரிதானே. இப்போது ஒரு ஓட்டை போட்டால்... கூரையில் ஏறி ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டால்... பைத்தியம், காப்பீட்டுக்காரன்தான் வருவான், வேறு யார் வருவார்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேனே, எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டி ஏதாவது வாங்கி வரட்டுமா என்றாள், வேண்டாம் என்றுவிட்டு, மூன்று வாரம் கோட்டுப் பொத்தானைப் பல்லால் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

படியில் காலடி... கௌத்தே. முதுகுப்பையும் தொப்பியுமாக, வீட்டுக்குப் போகிறவன், கூடத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"எல்லாரும் போய்ட்டாங்களா?"

வரவேயில்லை என்று சொல்ல வேண்டியதுதானே, "வந்து வந்து போனாங்க" என்கிறேன், "வாஃபிள் வேணுமா? மாவு கெட்டுப்போச்சு, ரப்பராட்டம் இருக்கும்."

"ரப்பர் எனக்குப் பழகிடுச்சு. நானே சுட்டாலும் அப்படித்தான் வருது."

ஊற்றினேன், வேகும்வரை இருவரும் வார்ப்புக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றோம், அவன் ஜாம்கூடத் தொடாமல் கடைசித் துண்டுவரை மென்று தின்றான். கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தான், குனிந்து அடியில் பார்த்தான், எண்ணெய் டப்பாவைப் பார்த்தான்.

"இதைத் திருப்பணுமாக்கும். கை குடுக்கட்டா?"

"ஐயோ வேண்டாம் வேண்டாம், பரவால்ல, நானே பாத்துக்கறேன்."

வாய்தான் சொன்னது, நான் சொல்வதற்குள் அது சொல்லிவிட்டது, வழக்கமான வேகத்தில், வழக்கமான சிரிப்போடு, "சரி அப்ப, திங்கக்கிழமை பாப்பம்" என்றான் அவனும். அப்போதுதான் பார்த்தேன், முதுகுப்பை தரையில் இருந்தது, எப்போது இறக்கி வைத்தான்? கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கைவரை சுருட்டி விட்டிருந்தான், அதை இப்போது ஒவ்வொரு மடிப்பாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான், நிதானமாக, ஒரு கை, பிறகு இன்னொரு கை. பையை மாட்டிக்கொண்டான். இரண்டு பேரால் தூக்கக்கூடியதா இந்த மேசை, அவன் நின்றிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று மனது அவசர அவசரமாகச் சமாதானம் தேடியது... கௌத்தே சங்கிலிக்கும் எடைக்கும் கணக்குப் போடுகிறவன். இது இரண்டு பேரால் ஆகாது என்பது என்னைவிட அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

கண்ணாடிக்கு அப்பால் மழையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறான், சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டுகிறான், பத்தடி தூரம்கூட இருக்காது. என் கைகள் இரண்டும் மேசையின் விளிம்புக்கு அடியில் போய்ப் பிடித்திருக்கின்றன, ஒரு இம்மிகூட அசையவில்லை. மூன்றடுக்குக் கண்ணாடி, குளிரும் வராது, மழைச் சத்தமும் வராது, நான்தான் தேர்ந்தெடுத்தேன், உள்ளேயிருந்து கூப்பிட்டால் வெளியே கேட்காது, கேட்காது என்றுதான் நினைத்துக்கொண்டு நிற்கிறேன்... இன்னும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. விளக்கு அணைகிறது.