மிதி, விடு

1

இந்தக் கதை பிறந்தது அரியலூர் புறவழிச் சாலையில், என் கார் நின்றுபோன இடத்தில். கிளட்ச் தீய்ந்துவிட்டது. பட்டறைக்காரர் கதவைத் திறந்து மிதிகளைக் காட்டி ஏதோ விளக்கினார். நான் கவனித்தது வேறொன்றை. மூன்று மிதிகளில் கிளட்ச்தான் இடது ஓரம். பக்கத்து இருக்கையில் இருக்கும் என் மனைவி காலை நீட்டினால் எட்டிவிடும். வண்டி தயாராக இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த இரண்டு நாளில் எழுதியது இது. நடந்ததாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: "1946. உலகப் போர் முடிந்து, தேசமே விடுதலையை எதிர்நோக்கி—" வேண்டாம். தேசம் உள்ளே வந்தால் மற்றவர்களுக்கு உட்கார இடம் இருக்காது.

இரண்டாவது: "சவரியார் ஒரு சாதாரண மெக்கானிக்—" பொய். அந்த வட்டாரத்தில் பஸ் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது: ஒரு வைகாசிக் காலையில், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பச்சை நிற ரேஸ் கார் ஒன்றை, அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த சவரியாரின் பட்டறைக்கு, ஒரு ஜோடிக் காளைகள் இழுத்துக்கொண்டு வந்தன. இது இருக்கட்டும்.

3

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் லெப்பைக்குடிகாடு ஹுமாயூன். பக்கத்தில், வெள்ளைத் துப்பட்டியால் தலையை மூடியபடி அவர் மனைவி ஹஃபீசா. ஹுமாயூன் ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தவர். ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்த சமயத்தில் மனைவியைக் கப்பலேற்றிவிட்டு, தம்பியோடு காட்டு வழியாக நடந்தே புறப்பட்டார். ஊர் வந்து சேர்ந்தபோது தம்பி இல்லை. இவருடைய இடது காலில் பலமும் இல்லை.

(காடு, மழை, தம்பியின் சாவு என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவரே யாரிடமும் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது?)

சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் திருச்சியில் வாங்கிய கார் அது.*

"எஞ்சின் கத்துது மேஸ்திரி, வண்டி நகர மாட்டேங்குது."

"பாத்துருவோம் பாய்."

சவரியார் குழிக்குள் இறங்கிக் கியர் பெட்டியைக் கழற்றினார். கிளட்ச் தட்டு ஆணி தெரியத் தேய்ந்திருந்தது. தட்டு என்றால் தேயத்தான் செய்யும். அடுத்திருந்த ஃப்ளைவீல்தான் அவரை யோசிக்க வைத்தது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம் அது. ஆனால் இதில் கனமே இல்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டு, காரை விற்ற அதிகாரி அதன் விளிம்பைக் கடைந்து எடுத்திருந்தார். மிச்சமிருந்த முகத்தில் சூடு பட்டு நீலம் பாய்ந்திருந்தது. மிதியை முழுக்க மிதிக்காமலும் முழுக்க விடாமலும் ஓட்டினால் அப்படி ஆகும்.

அவர் மேலே ஏறி வந்து கேட்டார்: "பாய், கிளட்ச யாரு மிதிக்கிறது?"

ஹுமாயூன் ரயில் தண்டவாளத்தைப் பார்த்தார்.

"நாந்தான்," என்றாள் ஹஃபீசா.

விஷயம் இவ்வளவுதான். அவர் கால் அழுத்தாது. அவள் தன் வலது காலை நீட்டிக் கிளட்சின் மேல் வைத்திருப்பாள். அவர் "மிதி" என்பார், மிதிப்பாள். கியரை மாற்றிவிட்டு "விடு" என்பார், விடுவாள்.

"கிளட்ச் ஸ்பிரிங்க லேசாக்கிக் குடுங்க, நானே மிதிச்சிக்கிறேன்," என்றார் ஹுமாயூன். "அவளுக்குக் காலு வீங்குது."

* பெட்ரோல் கூப்பன் காலத்தில் இவருக்கு எப்படிப் பெட்ரோல் கிடைத்தது என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.

4

நண்பகல் லுஹர் தொழுகைக்கு ஹுமாயூன் பள்ளிவாசல் போனார். சவரியாரின் மனைவி மதலேனம்மாள் மோர் கொண்டுவந்தாள். சவரியார் காருக்கு அடியில் இருந்தார். மேலே இரண்டு பெண்களும் பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்டது.

"லேசாக்க வேணாம்னு சொல்லுங்கக்கா."

"ஏம்மா? காலு வீங்குதுங்கிறாரே."

"வீங்குது. அவங்க நடந்து வந்து நாலு வருசமாச்சு. சாப்ட்டியான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. இந்த வண்டியில ஏறினாத்தான் மிதி, விடுன்னாவது சொல்றாங்க. லேசாயிட்டா தனியா போயிடுவாங்க."

காருக்கு அடியில் ஸ்பேனர் நின்றுவிட்டது.

5

இங்கே எனக்கு ஹஃபீசாவின் மேல் சந்தேகம் வந்தது. முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒருத்தி இவ்வளவு பேசுவாளா? அவள் பேச்சை அடித்துவிட்டு, "ஹஃபீசா மௌனமாக மோரைக் குடித்தாள்" என்று எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே படுத்துக்கொண்டது. பேசட்டும், நாலு வருஷமாகப் பேச ஆளில்லாதவள்.

காரைப் பட்டறையில் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். புதுத் தட்டு மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் வந்தது. ஃப்ளைவீலைச் சவரியார் தானே சுமந்துகொண்டு திருச்சிக்கு ரயிலேறினார். அங்கே ஒரு லேத் பட்டறையில் அதன் முகத்தைச் சமமாகக் கடையச் சொன்னார். பிறகு ஓர் இரும்பு வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி விளிம்பில் இறக்கினார்கள். ஆறியதும் அது சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.

"அந்தப் பொண்ணு சொன்னது கேட்டுச்சுல்ல?" என்றாள் மதலேனம்மாள், சோறு போட்டபடி.

"கேட்டுச்சு. அவரு சொன்னதும் கேட்டுச்சு."

"அப்ப?"

"சக்கரத்தக் கனமாக்கிட்டேன். கொஞ்சம் முன்ன பின்ன விட்டாலும் இனிமே எஞ்சின் நிக்காது. பொறுத்துக்கும்."

"நான் ஸ்பிரிங்கக் கேட்டேன்."

அவர் ரசம் கேட்டார்.

6

ஒரு முடிவு: சவரியார் பழைய ஸ்பிரிங்கையே பூட்டிவிட்டு, "லேசு கெடைக்கல பாய்" என்கிறார். எழுதும்போது இனித்தது. ஆனால் வீங்குவது அவள் கால், என்னுடையது அல்ல.

இன்னொரு முடிவு: லேசான ஸ்பிரிங். ஹுமாயூன் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறார், ஹஃபீசா வீட்டு வாசலில்— இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் வைத்துக்கொண்டது இது. சவரியார் லேசான ஸ்பிரிங்கைத்தான் பூட்டினார். இருவரும் வந்த அன்று, ஹஃபீசாவுக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாய், இனிமே ஒங்க காலே போதும்."

ஹுமாயூன் ஏறி உட்கார்ந்து இடது காலை வைத்தார். மிதி இறங்கியது. விட்டார். மறுபடி மிதித்தார். நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கினார். ஹஃபீசா ஏறாமல் வெளியிலேயே நின்றாள்.

"ஏன் நிக்கிற?"

"இனிமே நான் எதுக்கு? பஸ்ஸுல வந்துர்றேன்."

அவர் பார்வையை ஸ்டீயரிங்குக்குத் திருப்பினார். அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"காட்டுல தனியா நடந்தது—"

இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டது நான் இல்லை, அவர்.

குனிந்து, அந்தப் பக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார். "ஏறு."

அவள் ஏறினாள். எஞ்சின் ஒரு முறை குலுங்கியது, ஆனால் நிற்கவில்லை. வண்டி மெதுவாக நகர்ந்து பெரம்பலூர் சாலைக்குத் திரும்பியது.

"யாரு மிதிக்கிறா?" என்று மதலேனம்மாள் கேட்டாள்.

"தெரியல. கதவு மறைக்குது," என்றார் சவரியார்.

அந்த வாக்கியத்தின் மீதியை ஹுமாயூன் வழியில் சொல்லியிருப்பார். எந்த ஊரைத் தாண்டும்போது, எந்த வார்த்தையில் தொடங்கி என்பதையெல்லாம் நீங்கள் அவர்களோடு போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். அது இரண்டு பேர் உட்காரும் வண்டி. நான் பட்டறை வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.