வைவாவுக்கு வந்த மீன்காரம்மா

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்பது விதி. அந்த விதியைக் கமல் தன் அம்மாவிடம் சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம் என்று அன்றைய தேர்வுக்கு நின்ற கிரேஸுக்குத் தோன்றியது.

ஏனாத்தூர் பல்கலைக்கழக அரங்கின் முதல் வரிசையில், துறைத்தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் பொன்னியம்மாள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். காஞ்சிபுரம் மார்க்கெட்டில் இருபது வருஷமாக மீன் விற்பவள். மகன் கமல் கிரேஸைக் காதலிப்பதாகச் சொன்ன நாளிலிருந்து அவளுக்கு ஒரே பல்லவிதான். “மீனைப் பத்திப் படிச்சிக்கினு இருக்குது, சரி. மீன்காரி ஊட்டுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கினு நிக்காதுன்னு என்னா நிச்சயம்?” ஆறு மாதமாகக் கல்யாணப் பேச்சு அந்த மூக்கைத் தாண்டி நகரவில்லை.

கிரேஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ‘வளரும் நாடுகளில் மீன் ஏற்றுமதியும் பொருளாதார வளர்ச்சியும்’ என்றது திரை. முப்பது வருடப் புள்ளிவிவரம். ஏற்றுமதி கூடினால் அந்நியச் செலாவணி வருகிறது. அதன் பின்னாலேயே குளிர்பதனக் கிடங்கு, ஐஸ் தொழிற்சாலை, வேலை எல்லாம் வருகின்றன. கொஞ்ச காலம் பிடித்தாலும் நாடு வளர்கிறது. கடகடவென்று சொல்லி முடித்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆனந்தராஜ் இரண்டு கேள்வி கேட்டார். தப்பித்தாள்.

“பார்வையாளர்கள் யாராவது கேக்கலாம்,” என்றார் அவர்.

பொன்னியம்மாள் எழுந்தாள். கடைசி வரிசையில் டிபன் பொட்டலங்களோடு நின்ற கமலுக்கு முகம் வெளுத்தது.

“நல்ல எறாலு, வஞ்சிரம் எல்லாம் கப்பல் ஏறிடுதும்மா. மிச்சம் மீதிதான் எனக்கு வருது, அதுவும் ஏத்துன வெலைக்கு. நாடு வளருதுன்றியே, என் கூடை ஏன் வளரல?”

அரங்கே சிரித்தது. ஏழாவது படத்தைக் காட்டிச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்தே பழகிய கண் அது, படத்துக்கெல்லாம் மசியாது.

“உங்க கூடை என் கணக்குலயே இல்ல, அத்தை.”

சொன்ன பிறகுதான் அந்த ‘அத்தை’ அவள் காதிலேயே விழுந்தது. நேற்று வரைக்கும் ‘ஆன்ட்டி’ அல்லவா! இனி முழுங்க முடியாது. மேலே போனாள்.

“மொத்தமா பாத்தா நாடு வளருது. ஆனா முதல் சில வருஷம் உள்ளூர்ல விக்கிறவங்களுக்குக் கஷ்டம்தான். அது எவ்ளோன்னு நான் அளக்கல. அளந்திருக்கணும்.”

ஆனந்தராஜ் குனிந்து எதையோ எழுதினார். போச்சு, பட்டமும் போச்சு, கமலும் போச்சு என்று நினைத்தாள் கிரேஸ்.

“அப்ப வந்து அளந்துக்கோ. காலைல அஞ்சு மணிக்கு லோடு எறங்கும். மூக்கைப் பொத்தாம நிப்பியா?”

“நிக்கிறதென்ன அத்தை, உயிர் விராலையே குடுங்க. சாம்பல் போட்டுத் தேச்சு ஆய்ஞ்சு காட்டறேன்.”

பொன்னியம்மாளின் வாய் கோணி, பிறகு முழுச் சிரிப்பாக விரிந்தது. “சார், எடை சரியா இருக்குது. பட்டத்தைக் குடுத்துடுங்க.”

“குடுத்துடலாம்மா. நீங்க சொன்ன கூடையையும் ஒரு பக்கம் எழுதிச் சேக்கட்டும்,” என்றார் ஆனந்தராஜ்.

“இன்னொரு கேள்வி இருக்குது. ஆவணியா, தையா?”

“ஆய்வு எல்லைக்கு வெளிய போறீங்களேம்மா!”

“உங்களுக்கு இல்ல சார், எம் மருமவளுக்கு.”

கிரேஸ் வாயைத் திறப்பதற்குள், “ஆவணி!” என்று பின்னாலிருந்து ஒரு கத்தல். தொடர்ந்து நாற்பது டிபன் பொட்டலங்களும் கமல் கையிலிருந்து சரிந்து விழுந்தன.