படம் வருதாப்பா?

மகளின் விலை ஆயிரத்து எண்ணூறு. கூரைமேல் புது ஆன்டெனா மாட்ட அவ்வளவு ஆகும் என்று ஆன்டெனாக்காரர் சொன்னபோது, அப்பா ஜன்னலோரம் நின்ற மகளைக் காட்டி, "இது சும்மாவே நிக்குதே!" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. வாழ்நாள் முழுக்க மொத்த வியாபாரம் செய்தவர். சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கினால் அவருக்குத் தூக்கம் வராது.

அன்றைக்கும் அவள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் அலமாரிமேல் ஆன்டெனா, முன்னால் ஜன்னல், முகம் தெருவைப் பார்த்து. இடது கை தோளுக்கு மேலே ஜன்னல் கம்பியில். இப்படி நின்றால் படம் வரும். கையை இறக்கினால் திரையில் இருப்பவர்களின் முகம் சதுரம் சதுரமாக உடையும். திரும்பிப் பார்த்தால் ஒரேயடியாக 'சிக்னல் இல்லை'. "உன் உடம்பே ஒரு ஆன்டெனாடி" என்பார் அப்பா. அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரிய உருப்படி.

"படம் வருதாப்பா?"

"வருது. அசையாதே."

மத்தியானச் சந்தை நிலவரம் ஓடிக்கொண்டிருந்தது. கடையை விற்று எத்தனையோ காலமாகியும், படுக்கையில் விழுந்த பிறகும், அப்பா அதை ஒரு நாள் விட்டதில்லை. வாங்கவும் விற்கவும் ஒன்றுமில்லாத மனிதர், ஒவ்வொரு விலைக்கும் ஒரு தீர்ப்புச் சொல்வார்.

"மல்லி ஏறிடுச்சாம். கொள்ளைக்காரப் பசங்க" என்றார், மூச்சு வாங்க.

விளம்பரம் வந்தது. கேட்டுவிட இதுதான் நேரம் என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாகவும் இருந்தது. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பா, ஹெட் ஆபீஸுக்கு வரச்சொல்லி மறுபடி கேக்கிறாங்க. ப்ரமோஷனோட. இது மூணாவது தடவை. இதுக்கு மேல கேக்க மாட்டாங்க."

பதில் இல்லை.

"உங்களைப் பாத்துக்க ஆள் போட்டுடலாம். லீவுக்கு லீவு நானும் வந்துடுவேன். இந்தத் தடவை போலாம்னு இருக்கேன்ப்பா."

போன இரண்டு தடவையும், அவள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, "போயேன். டிவியை யார் பிடிப்பா?" என்று கேட்டுவிட்டார். இப்போது அந்தக் கேள்வி வரவில்லை. அவள் காத்திருந்தாள். தெருவில் ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கேள்வி வரவேயில்லை.

இந்த வீட்டில் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்: படம் சரியாக வருகிறது, குறை ஒன்றுமில்லை. படம் உடைந்தால்தான் அப்பா வாயைத் திறப்பார். மிளகு விலை சொன்னார்கள். மிளகுக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்துவிட்டார் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. தோள் கடுத்ததுகூடத் தெரியவில்லை. புது ஊரில் வீடு பார்ப்பதுபற்றி யோசித்தாள். ஜன்னலே இல்லாத அறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

நிகழ்ச்சி முடியும் இசை வந்த பிறகுதான் கையை இறக்கித் திரும்பினாள். படம் உடைந்து 'சிக்னல் இல்லை' ஆனது. அப்பா திட்டவில்லை.

மற்றதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அண்ணன் வந்தார். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அப்பாவையும் கொண்டுபோனார்கள். மறுநாள் சாயங்காலம் வீட்டில் மிச்சமிருந்தது அண்ணனும் அவளும் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளும்தான். யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்திருந்தார்கள், அணைக்கவில்லை. அது மூலையில் சதுரம் சதுரமாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"இங்க ஒரு ப்ளக்குக்குக்கூட இடமில்லையே" என்று முனகியபடி, அண்ணன் போனை சார்ஜ் போடுவதற்காக எதையோ பிடுங்கினார்.

படம் உடையாமல் நின்றது. செய்தி வாசிப்பவரின் காதுத் தோடுவரை தெளிவாக.

ஜன்னலோரம் யாரும் இல்லை.

"அட, நல்லாத்தானே வருது!" என்றார் அண்ணன். "நீ என்னமோ மணிக்கணக்கா நிக்கிறேன்னு போன்ல அழுவியே?"

அவள் திரையையும் அவர் கையில் இருந்த ப்ளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். அது பூஸ்டரின் ப்ளக். சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் என்று அப்பா எங்கோ பாதி விலைக்கு அடித்துப் பேசி வாங்கிவந்த பூஸ்டர்.

நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப்போக வந்திருந்த ஆன்டெனாக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுத்த தெருக்காரர். உதவிக்கு வந்து நேற்று முழுக்க ஓடியாடியவர்.

"கழட்டிட்டீங்களாக்கா? பக்கத்துலயே டிவி டவர் வந்துடுச்சில்ல, இனி அது எதுக்கு? சிக்னல் அளவுக்கு மேல போனாலும் படம் உடையும். நீங்க குறுக்க நின்னா உடம்பு கொஞ்சம் தடுக்கும், அளவா வரும். அவ்வளவுதான்."

"தடுக்குமா?"

"ஆமா. பெரியவர்கிட்ட அப்பவே சொன்னேனே."

"எப்ப?"

"அதான், புது ஆன்டெனா விலை கேட்டாரே, அன்னிக்கு. நீங்க டீ போட உள்ள போனீங்க. அந்த நேரத்துல ப்ளக்கைப் பிடுங்கிக் காட்டினேன், படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு. செலவே இல்லாத வேலைன்னேன். அப்ப நடமாட்டம் இருந்துச்சே, அவரே எழுந்து மறுபடி சொருகிட்டார். 'இருக்கட்டும்ப்பா, அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே'ன்னார்." அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி, மறுபடி கீழே வைத்தார். "வந்ததுக்கு இருநூத்தம்பது கேட்டேன். நூறுல ஆரம்பிப்பார்னு பாத்தா, பேரமே பேசலைக்கா. அப்படியே எடுத்துக் குடுத்தார்."

இதில் என்ன சொல்லக் கூடாதது என்று அவருக்கு இப்போதுதான் லேசாகப் புரிந்திருக்க வேண்டும். மளமளவென்று நாற்காலிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அண்ணன் போனைப் பார்த்தபடியே வண்டிக் கூலி, பந்தல் வாடகை என்று கணக்கை முடித்துக்கொண்டிருந்தார்.

"ஆன்டெனாக்காரருக்கு நாம ஏதாவது பாக்கியா?"

அவள் ஜன்னலுக்குப் போயிருந்தாள். முகம் தெருவைப் பார்த்து, இடது கை கம்பியில்.

"இல்லண்ணா" என்றாள். "அப்பா முழுசாக் குடுத்துட்டார்."